ஒத்துக்காது

என்னை முதன்முதலில் பார்த்தபோது அவர் என் பேரைக் கேட்கவில்லை. "நாக்க நீட்டு பாப்பா" என்றார்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்வரிசையில் நான் ஜெராக்ஸ் கடை போட்ட முதல் வாரம் அது. பக்கத்துக் கடை அவருடையது, கஞ்சிக் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. தினமும் முகத்தில் முழிக்கப் போகிறவர்கள், பழகி வைப்போமே என்று ஒரு டம்ளர் கஞ்சி வாங்கப் போயிருந்தேன். எனக்குக் கொஞ்சம் வாய்த்துடுக்கு உண்டு. "எதுக்கு, அறுத்து வெச்சுக்கப் போறீங்களா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "நாக்கப் பாக்காம நான் கஞ்சி குடுக்கறதில்ல."

"நீட்டிடும்மா. நீட்டலைனா உடமாட்டாரு" என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது. அவருடைய மனைவி. அன்றிலிருந்து எனக்கு அவர் அண்ணா, அந்தக் குரல் அக்கா.

நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அடகுக் கடைக்காரர் மோதிரத்தைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தார். "நுனி செவந்து கெடக்கு. சூட்டு உடம்பு. கோவம் ஜாஸ்தி, தூக்கம் கம்மி."

"அதுக்கு எதுக்குண்ணா நாக்கு? எங்க வூட்டுக்காரரக் கேட்டாலே சொல்வாரே."

உள்ளே அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் பாசிப்பயறு போட்ட கஞ்சியை ஊற்றிக் கொடுத்து, "மொளகா கம்மி பண்ணு" என்று மட்டும் சொன்னார். சொல்லக் கூடாது, கஞ்சி நன்றாகவே இருந்தது.

ஊரில் அவருக்குச் சீனாக்காரர் என்று பேர். ஆளைப் பார்த்தால் அந்தப் பேருக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடும் குடும்பம். கறுத்து உயர்ந்த ஆள், காது நிறைய முடி. சிங்கப்பூரில் ஒரு சீனத்து அம்மாவின் கஞ்சிக் கடையில் பாத்திரம் கழுவப் போய், கடைசியில் அடுப்படிவரை வந்தவர். அங்கே கற்றுக்கொண்டதைத்தான் இங்கே கடையாகப் போட்டிருந்தார். உடம்பில் பல தினுசு உண்டு என்பார். சூட்டு உடம்பு, குளிர் உடம்பு, ஈர உடம்பு, காய்ந்த உடம்பு. யாருக்கு எந்த உடம்போ அதற்கேற்ற கஞ்சிதான். ஈர உடம்புக்காரன் வந்து இனிப்புக் கஞ்சி கேட்டால் கிடைக்காது, பார்லிதான் வரும். "காசு குடுக்கறவன் நானு" என்று சண்டைக்கு நின்றவர்களிடம், "வவுறும் உன்னுதுதான? அதுக்கு ஒத்துக்காது" என்பார். அவர் வாயில் ஒரு நாளைக்கு எத்தனை 'ஒத்துக்காது' வரும் என்று எங்கள் வரிசைக் கடைக்காரர்கள் பந்தயம் கட்டுவார்கள்.

சூடு, குளிர்ச்சி எல்லாம் நமக்குப் புதிதா என்ன? மாம்பழம் சூடு, மோர் குளிர்ச்சி என்று பிறந்த குழந்தைக்கே தெரியும். ஆனால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரே வியாதிதான், சூடு. கண் எரிந்தால் சூடு, கட்டி வந்தால் சூடு, கல்யாணம் தள்ளிப்போனால்கூடப் பையனுக்கு உடம்பில் சூடு. சாமியே நெருப்பாக நிற்கிற ஊர். மலையும் பாறையும் சித்திரை வெயிலுமாக இருக்கிற இடத்தில் வேறென்ன சொல்வார்கள்? அந்த ஊரில் ஒற்றை ஆளாக நின்றுகொண்டு, "உனுக்குக் குளிர் உடம்பு, இளநி ஒத்துக்காது" என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

ஒரு சித்ரா பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் பந்தல் போட்டார். பாதை முழுக்க நீர்மோர்ப் பந்தலும் பானகப் பந்தலுமாக இருக்க, நடுவில் இவர் இஞ்சி தட்டிப்போட்ட வெந்நீர் வைத்திருந்தார். வேர்த்து விறுவிறுத்து வந்தவர்கள் ஆசையாக டம்ளரை வாங்கி, வாயில் வைத்ததும் துப்பினார்கள். ஒருவர், "யோவ், ஏற்கனவே வெந்துபோய் வரோம், வேவ வெக்கறியா?" என்று கேட்டேவிட்டார். அக்கா மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து டம்ளர் டம்ளராகக் குடித்துக்கொண்டிருந்தாள். "எதனா காலியானாத்தானம்மா இவுரு வூட்டுக்கு வருவாரு" என்று என்னிடம் கண்ணைச் சிமிட்டினாள். புடவை முதுகில் ஒட்டிப்போகும் அளவுக்கு வேர்த்திருந்தது. எதிர்ப் பந்தலில் அலுமினிய அண்டாவில் மோரில் ஐஸ் மிதந்துகொண்டிருந்தது.

இன்னொரு கதை, எங்கள் வரிசையே இன்றும் சொல்லிச் சிரிக்கிற கதை. திங்கட்கிழமை என்றால் கலெக்டரிடம் மனுக் கொடுக்க மாவட்டமே வந்து நிற்கும். அப்படி வந்த ஒரு பெண்மணி, வரிசையில் நின்று ஓய்ந்துபோய்க் கஞ்சிக் கடைக்கு வந்தாள். நாக்கைப் பார்த்தவர் உச்சுக்கொட்டி, "உனுக்கு சீ கம்மிம்மா. ரொம்பக் கம்மி" என்றார். அந்தம்மா பையைக் கீழே வைத்தாள். "யாரப் பாத்து சீங்கற? காத்தால இருந்து அவன் சீங்கறான், இவன் சீங்கறான், கஞ்சி விக்கறவன் நீயும் சீங்கறியா?" என்று ஆரம்பித்தவள், மனுவில் எழுதாமல் விட்டதையெல்லாம் அவர் தலையில் கொட்டினாள். அக்கா ஓடிவந்து, "அது சீனா பாஷைம்மா. தெம்புன்னு அர்த்தம். உனுக்குத் தெம்பு இல்லன்றாரு, அவ்ளோதான்" என்று சமாதானம் செய்து, பக்கத்தில் உட்காரவைத்துக் கஞ்சியை ஊற்றினாள். அந்தம்மா குடித்துக்கொண்டே அழுதாள்.

"இனிமே தெம்புனே சொல்லுங்க" என்று அக்கா உத்தரவு போட்டாள். கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தார். அப்புறம், "தெம்பு வேற, சீ வேற" என்று பழையபடி ஆரம்பித்துவிட்டார்.

பிழைப்புக்காகச் செய்கிறவர் என்று நானும் முதலில் நினைத்திருந்தேன். அப்படியில்லை என்று ஒரு மழை நாளில் தெரிந்தது. இரண்டு கடையிலும் ஆள் இல்லை. நான்தான் கிண்டலாக ஆரம்பித்தேன். "அந்தச் சீனத்தம்மா என்ன மந்திரம் போட்டாங்கண்ணா, இப்டி நாக்கு நாக்குன்னு அலையறீங்க?"

கரண்டியைக் கீழே வைத்தார். "அங்க போன புதுசுல எனுக்கு வவுறு நிக்கவே இல்ல பாப்பா. எத்தத் தின்னாலும் வெளில. பாஷை தெரியாது. சொன்னா ஊருக்கு அனுப்பிடுவாங்கனு பயம். மறைச்சு மறைச்சு வேல செஞ்சேன். ஒரு நாளு மொதலாளியம்மா கூப்ட்டு, அவங்க நாக்க நீட்டிக் காமிச்சாங்க. நீட்டுனு சைகை. நீட்டினேன். ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்பறம் அவங்களே அரிசியப் போட்டு, இஞ்சி போட்டு, கொழகொழனு காய்ச்சி, ஸ்பூன்ல எடுத்துக் குடுத்தாங்க." கரண்டியை மறுபடி எடுத்தார். "எங்கம்மாகூட என் வாயத் தொறந்து பாத்தது கெடையாது பாப்பா. யாரோ ஒருத்தி பாத்தா."

எனக்குக் கிண்டல் மறந்துபோய்விட்டது. அவருக்கு மருந்தில் இருந்த நம்பிக்கையைவிட, ஒருவர் குனிந்து இன்னொருவரின் நாக்கைப் பார்ப்பதில்தான் நம்பிக்கை என்று தோன்றியது. மனிதருக்கு அன்பைக் காட்ட வேறு வழி தெரியாது. ஊர் திரும்பியதும் அவர் முதலில் பார்த்தது, ஊரிலேயே விட்டுப்போயிருந்த அக்காவின் நாக்கைத்தானாம். வெளுத்து, உப்பி, ஓரமெல்லாம் பல் தடம் பதிந்து இருந்ததாம். "பழையதும் மோருமாவே காலத்த ஓட்டியிருக்கா. உள்ள அடுப்பே அணைஞ்சு கெடந்துச்சு. சுத்தக் குளிர் உடம்பு" என்றார்.

ஊர் திரும்பிய அன்றோடு அக்காவுக்குப் பழையது போயிற்று. மோர் போயிற்று. தயிர், இளநீர், வெள்ளரிப்பிஞ்சு, தர்பூசணி, நுங்கு, ஐஸ் எல்லாம் போயிற்று. இஞ்சி, மிளகு, பேரீச்சம்பழம், ஆட்டெலும்பு சூப்பு, வெந்நீர் வந்தது. கத்திரி வெயிலிலும் வெந்நீர்தான். காலையில் எழுந்ததும் அக்கா ஜன்னல் பக்கம் வந்து நின்று நாக்கை நீட்டுவாள். அவர் வெளிச்சத்தில் பார்ப்பார். பிள்ளை குட்டி இல்லாத வீடு. இருவருக்கும் அதுதான் பூஜை மாதிரி. அப்புறம்தான் கடை திறப்பார்கள்.

ஒருநாள் நான் தர்பூசணிக் கீற்று தின்றுகொண்டிருந்தபோது அக்கா ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஒரு துண்டு எடுத்துக்கக்கா, அண்ணா மார்க்கெட் போயிருக்காரு" என்றேன்.

"வேணாம்மா. சாயந்திரம் வவுறு எதனா பண்ணுச்சுனா அவுரு மனசு கெட்டுடும்."

"உனக்கு ஆசையே இல்லையாக்கா? உனக்கு என்னதான் புடிக்கும்?"

யோசித்தாள். நிஜமாகவே நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "மறந்தே பூட்டுதுடி" என்றாள். அதில் குறையொன்றும் சொல்லவில்லை. வேடிக்கையாகத்தான் சொன்னாள். நான்தான் கையிலிருந்த கீற்றைப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

அக்கா இளைக்க ஆரம்பித்தது அதற்குப் பின் வந்த மழைக்காலத்தில். சோறு செல்லவில்லை. மேல்வயிற்றில் வலி. அவர் நாக்கைப் பார்த்தார். முன்னைவிட வெளுத்திருந்தது. குளிர் ஏறிவிட்டது என்றார். இஞ்சியைக் கூட்டினார், பட்டையைப் போட்டார். கொஞ்சம் தேவலை என்று அக்கா சொன்னாள். அவருக்காகச் சொன்னாளோ என்னவோ. நான், எதிரே டீக்கடைக்காரர், மனு எழுதுகிறவர், எல்லோருமே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னோம். "பாக்கறேன், நாக்கு தெளியுது" என்பார். பிறகு ஒரு காலை ஜன்னல் பக்கமிருந்து அவர் வெளியே வரவே இல்லை. கடை திறக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். அக்கா நாக்கை நீட்டியபடி நிற்க, அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நாக்குக்கு அடியில் நரம்பு கருநீலமாகப் புடைத்திருந்ததாம். "ஆட்டோ சொல்லு பாப்பா" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். அங்கே எடுக்க வேண்டியதையெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். வயிற்றில் கட்டி, ஈரலுக்கும் பரவிவிட்டது, அறுக்க வழியில்லை. "இவ்ளோ நாள் ஏங்க வரல?" என்று கேட்டார். திட்டுகிற குரல் இல்லை, வருத்தமாகத்தான் கேட்டார்.

"நாக்கு சொல்லிச்சு சார். நான்தான் வேற மாதிரி படிச்சுட்டேன்" என்றார் அண்ணா.

டாக்டருக்கு அது புரியவில்லை. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வலிக்கு மாத்திரை தரேன். அவங்களுக்குப் பிடிச்சதக் குடுங்க, கேக்கறதக் குடுங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் இந்த வார்த்தைக்கு அர்த்தம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 'கேக்கறதக் குடுங்க' என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றால், சொந்தக்காரர்களுக்கு போன் போட ஆரம்பிப்பார்கள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அண்ணா எழுந்து நின்றார்.

"அதெப்டி சார் குடுக்க முடியும்? அவளுக்கு ஒத்துக்காது" என்றார்.

திரும்பி வரும்போது அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் அடுப்பைப் பற்றவைத்தார். அதற்கப்புறம் கடை அவ்வளவாகத் திறக்கவில்லை. நாள் முழுக்க ஒரு உடம்புக்கு மட்டும் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சூட்டு உடம்பு அல்லவா, ஒருநாள் நேரடியாகவே கேட்டுவிட்டேன். "இனிமே ஒத்துக்கிட்டா என்ன, ஒத்துக்காட்டி என்னண்ணா? ஒரு வாய் மோர் குடுங்களேன். அவங்க நாக்கு காஞ்சு கெடக்கு."

அவர் கரண்டியை நிறுத்தாமல் கிளறினார். "மோர் குடுத்தா, நான் உட்டுட்டேன்னு அவளுக்குத் தெரிஞ்சுடும் பாப்பா" என்றார்.

அதற்குப் பிறகு நான் மோர்ப் பேச்சை எடுக்கவில்லை.

கடைசி நாட்களில் ஒருமுறை நான் போனபோது அவர் ஸ்பூனோடு குனிந்திருந்தார். அக்கா ஒரு வாய் வாங்கினாள். முழுங்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டாள். "ருசியே தெரியலங்க. நாக்கு செத்துப்பூட்டுது" என்றாள். வாய்க்கசப்பு வந்தவர்கள் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். அவர் ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டார். "அப்டிச் சொல்லாதடி. அது நல்லாத்தான் இருக்கு. நான் பாக்கறேன்ல" என்றார். அக்கா அவருக்காக நாக்கை நீட்டினாள். பாதிதான் வெளியே வந்தது.

கத்திரி தொடங்கிய வாரத்தில் அக்கா போய்விட்டாள்.

காரியத்தன்று வீட்டில் படையல். செத்தவர்களுக்குப் பிடித்ததை எல்லாம் செய்து, இலை போட்டுப் படத்துக்கு முன் வைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பது வழக்கம். கொஞ்ச நேரம் கழித்துத் திறப்பார்கள். அந்த நேரத்தில் செத்தவர்கள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள் என்று ஒரு நம்பிக்கை. அக்காவின் தங்கச்சி ஊரிலிருந்து வந்து அடுப்படியில் நின்றாள். வடை, பாயசம் எல்லாம் ஆகிவிட்டது. "மாமா, அக்காவுக்குப் புடிச்சது எதனா ஒண்ணு சொல்லுங்க. செஞ்சுடறேன்" என்றாள்.

"இஞ்சிக் கஞ்சி ஒத்துக்கும். பேரிச்சம்பழம் ஒத்துக்கும். எலும்பு சூப்புதான் இன்னிக்கி ஆவாது" என்றார்.

"ஒத்துக்கறது கேக்கல மாமா. புடிச்சது."

அவர் அக்காவின் படத்தைத் திரும்பிப் பார்த்தார். "நீ சொல்லு. கூடப் பொறந்தவதான நீ" என்றார்.

"எனுக்கென்ன தெரியும்? சின்னதுல எது குடுத்தாலும் திம்பா. அப்பறம் உங்க கூடத்தான இருந்தா."

அவர் என் பக்கம் திரும்பினார். "உன்கிட்ட எதனா சொன்னாளா பாப்பா?"

பொய் சொல்லியிருக்கலாம். அதிரசம் என்றோ கேசரி என்றோ ஒன்றைச் சொல்லியிருந்தால் செய்து வைத்திருப்பார்கள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பொய் வரவில்லை. "ஒருநாள் கேட்டேண்ணா. மறந்துபோச்சுன்னு சொல்லிட்டாங்க."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார். இந்த நேரத்தில் எங்கே போகிறார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பி வந்தபோது வண்டியின் முன்னால் இரண்டு பை, ஹாண்டிலில் இரண்டு பை. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நுங்கு. இளநீர். தர்பூசணி. வெள்ளரிப்பிஞ்சு. பாக்கெட்டில் மோர், தயிர். பாலிதீன் கவரில் கரும்பு ஜூஸ். பேப்பரில் சுற்றி, ஒரு சேமியா ஐஸும் சிவப்புக் குச்சி ஐஸும். பிறகு என்னிடம் வந்து, "உங்க வூட்ல பழையது இருக்குமா பாப்பா?" என்றார். ஓடிப்போய் ஒரு கிண்ணத்தில் எடுத்து வந்தேன். சின்ன வெங்காயமும் வைத்தேன்.

"மாமா, ஐஸெல்லாம் வெக்கற வழக்கமில்ல" என்றாள் தங்கச்சி.

"வெய்யி. இதுல எதனா ஒண்ணு இருக்கும்ல" என்றார்.

ஓர் இலை போதவில்லை. இரண்டாவது இலை போட்டோம். இத்தனை வருஷமாக 'ஒத்துக்காது' என்று அவர் தள்ளியது அத்தனையும் அக்காவின் படத்துக்கு முன்னால் இருந்தது. கற்பூரம் காட்டிக் கதவைச் சாத்தினார்கள். எல்லோரும் வெளியே கடைப் பக்கம் வந்து நின்றோம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, உச்சி வெயில். அவர் மட்டும் கதவைப் பார்த்தே நின்றார், காது கொடுத்துக் கேட்பவர்போல.

திறந்தபோது ஐஸ் உருகி, சிவப்புத் தண்ணீர் இலையைத் தாண்டித் தரையில் ஓடிக் கதவு நிலைவரை வந்திருந்தது. அவர் உள்ளே போய் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். நாக்கைப் பார்ப்பாரே, அதேபோலக் குனிந்து, ஒவ்வொன்றாகப் பார்த்தார். நுங்கைப் பார்த்தார். மோரைப் பார்த்தார். பழையதுக் கிண்ணத்தைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். எதிலாவது ஒரு வாய் குறைந்திருக்கிறதா என்று தேடுகிறார் என்று எங்களுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் பார்க்க முடியவில்லை.

தங்கச்சிக்குத் தாங்கவில்லை. முன்னால் போய், "பாருங்க மாமா, அக்கா ஐஸத் தின்னுட்டா. குச்சிதான் கெடக்கு" என்றாள். நம்பிச் சொன்னாளா, அவருக்காகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது.

அவர் அந்தக் குச்சியை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அது கரைஞ்சதும்மா" என்றார்.

பிறகு எழுந்துபோய்க் கடையிலிருந்து ஒரு துணியை எடுத்து வந்து, முட்டி போட்டுத் தரையைத் துடைக்க ஆரம்பித்தார்.